துளையில் சிக்கிய புளிநார்

துப்பாக்கி சுடும் சங்கத்தின் அணித்தேர்வில் சித்திகாவின் கடைசித் தோட்டா வெடிக்கவில்லை. தோட்டாவின் பழுதென்றால் மறுவாய்ப்பு உண்டு. நடுவரோ, பிழை அவளுடையதே என்று எழுதிவிட்டார்.

சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைத் துலக்கி மறுபடியும் தோட்டாவாக்கும் பொறுப்பு ஆரோக்கியதாஸுடையது. உறையின் அடிக்குழியிலுள்ள கரியைச் சுரண்டியபின், அதன் நடுவே நெருப்புப் பாயும் சிறுதுளையில் ஊசி விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். இம்முறை, பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல உறைகளைப் புளிக்கரைசலில் ஊறவைத்தார். அவை பொன்னாக மின்னவே, பூரிப்பில் ஊசியை மறந்தார். வெடிக்காத தோட்டாவைத் தனியே பிரித்தபோது, துளையை ஒரு புளிநார் அடைத்திருக்கக் கண்டார். இரண்டு நாள் வாய்திறவாதிருந்தார்.

மூன்றாம் நாள் சித்திகா, சங்கத்திலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்ல அவரிடம் வந்தாள்.

"துப்பாக்கியோட போல்ட்டைச் சரியா மூடாம உட்டுப்போட்டேனுங்கண்ணா. எனக்கு இது ஆகாதுங்க."

அவரால் அதற்குமேல் தாங்க இயலவில்லை.

"உன்ற மேல தப்பில்ல அம்மணி. நாந்தான் புளி போட்டு வெளக்கிப்போட்டு, தொளையப் பாக்காம உட்டுட்டேன்."

"புளியா? ரசம் வெக்கறதுக்குங்களா?" என்று சிரித்தவள் சட்டென நிறுத்தினாள். "ரெண்டு நாளா ஏனுங்கண்ணா சொல்லல?"

அவர் அந்த உறையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நடுவரின் அறையை நோக்கி நடந்தார். அவள் பின்னே வருகிறாளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.