இரண்டு மிதி

பதினோரு வருடம் சிவப்பு வண்டி ஓட்டியவன், நாற்பத்தொரு வயதில் நீலத்துக்கு மாறினேன். எங்கள் கிரஷரில் மண்பாதை ரேஸ் பைக்குகளுக்குக் கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று நிறம்தான். கட்சி மாறியிருந்தால்கூட இவ்வளவு பேச்சு வந்திருக்காது.

கல் உடைக்கிற இடத்தில் பைக் ரேஸ் எதற்கு என்றால், முதலாளி மகனுக்கு அதில் பைத்தியம். கல் தீர்ந்துபோன குவாரிப் பள்ளத்தில் பாதை போட்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்வு வைப்பான். முதல் மூன்று பேர் டீம். டீமில் இருப்பவனுக்கு ஸ்டோர், எடைமேடை, டீசல் அறை மூன்றில் ஒன்றில் வேலை. கதவைச் சாத்தினால் தூசி இல்லை. மற்றவர்களுக்குக் கிரஷர் வாய். அந்த வாயின் கீழே என் அப்பா பத்தொன்பது வருடம் நின்றார். கடைசி இரண்டு வருடம் உட்கார்ந்தபடியே தூங்கினார்; படுத்தால் மூச்சு வராது. கோப்பை யாருக்கு வேண்டும், எனக்கு ஸ்டோர் ரூம் வேண்டும்.

போன வருடம் அரை வண்டி நீளத்தில் மூன்றாவதாக வந்து ஸ்டோரைத் தக்கவைத்தேன். பழியைச் சிவப்பின் மேல் போட்டேன். அதன் பின்சக்கர பிரேக்கை ஒருமுறை மிதித்தால் பெடல் சும்மா இறங்கும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். "இந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தான்டா" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். 'ரெண்டு மிதி' என்றே எனக்குப் பெயர் விழுந்தது. புதுப் பயல்கள் நல்ல பிரேக் இருக்கிற வண்டியிலும் என்னைப் பார்த்து இரண்டு தடவை மிதிப்பார்கள். அதில் எனக்கு ஒரு கெத்து வேறு.

சிவப்பைப் பார்த்துக்கொண்டவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். கிரஷரில் கல் அள்ளும் லோடர்களுக்கு மெக்கானிக். நீலத்தைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அதைச் சுற்றிவந்தார்.

"வண்டிய மாத்துனியா மாப்ள, இல்ல என்னைய மாத்துனியா?"

"ஏன் மச்சான் அப்படிப் பேசுறீங்க? ஒரே மிதியில பிடிக்குது, மிதிச்சுப் பாருங்க."

"பிடிக்கும், பிடிக்கும். புதுசுல எல்லாமே பிடிக்கும். உன் கல்யாணத்துலயே பாத்தேனே."

வீட்டில் அதைவிட மோசம். "எங்கண்ணன் ராவும் பகலும் கை வச்ச வண்டி. அதக் கொண்டுபோய் எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டீங்க" என்றாள். இரண்டு நாள் சாப்பாடு போட்டாள், பேச்சு போடவில்லை.

சிவப்பைக் கடையிலிருந்து வாங்கியவன் குள்ளன். ஜல்லிக் குவியலில் லோடர் ஓட்டுகிறவன், இருபத்தாறு வயது, தேர்வில் ஒருமுறைகூட முதல் ஐந்தில் வந்ததில்லை. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மூன்று வாரம் நீலத்தில் பழகினேன். ஒவ்வொரு வளைவிலும் 'ஒரு மிதி, ஒரு மிதி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வண்டி பறந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் ஐந்து சுற்று. மூன்றாவது சுற்றில் இரண்டாம் இடத்தில் இருந்தேன். இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு. ஆரஞ்சு ஒன்று பக்கத்தில் உரசி வந்தது, வாயில் சொல்ல நேரமில்லை. கால் தன் வேலையைப் பார்த்தது. முதல் மிதியில் பிரேக் பிடித்தது. பழக்கத்தில் அழுத்தி மிதித்த இரண்டாவதில் சக்கரம் பூட்டிக்கொண்டு, எஞ்சின் அணைந்து, வண்டியோடு சரளையில் இழுபட்டேன். எழுந்து ஸ்டார்ட் செய்வதற்குள் ஆறு பேர் தாண்டிவிட்டார்கள். எட்டாவதாக முடித்தேன். குள்ளன் இரண்டாவது.

"நாளைக்கு ஸ்டோர் சாவிய குள்ளன்கிட்ட குடுத்துருங்க" என்றான் முதலாளி மகன், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குள்ளன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். "அடி பலமாண்ணே?"

"அத விடு. பிரேக் எப்படிடா சமாளிச்ச?"

"அதான் ஒரே மிதியில நிக்குதேண்ணே. கடையில பிரேக் சிலிண்டரத் தொறந்தா, உள்ள ரப்பர் சீல் தேஞ்சு கெடந்துச்சாம். கால் மணி நேர வேலைன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவன் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

மச்சான் ஒர்க்‌ஷாப்பில் லோடருக்கு அடியில் படுத்திருந்தார். சீல் தேய்ந்தது தெரியுமா என்று காலைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேட்டேன். வெளியே வந்து உட்கார்ந்தார்.

"தெரியும். மூணாவது வருஷமே தெரியும்."

"எட்டு வருஷமா வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"புது சீல் மாத்துனேன்யா. நீயா கண்டுபிடிச்சுச் சந்தோஷப்படுவேன்னு சொல்லாம மாத்துனேன். அன்னிக்குப் பிராக்டிஸ்ல முதல் வளைவுலயே ரெண்டு மிதிச்சு விழுந்த. எந்திரிச்சு வந்து என்ன பேசுன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. முதலாளி மகன் நிற்க, பத்துப் பேர் நிற்க, 'லோடருக்கு கிரீஸ் அடிக்கிறவனுக்கு என் வண்டியோட குணம் தெரியுமா, இனிமே கை வச்சா நடக்கறதே வேற' என்று கத்தியிருந்தேன்.

"குப்பையில போட்ட சீலத் தேடிக் கழுவித் திரும்ப மாட்டுனேன். அந்த வாரமே டீம்ல வந்த. 'இப்பத்தான் மச்சான் வண்டி வண்டியா இருக்கு'ன்னு தோள்ல தட்டுன. அது முழுசாப் போனப்புறமும் தேஞ்ச சீலாப் பாத்துத்தான் போட்டேன். புதுசு எந்தக் கடையிலயும் கெடைக்கும் மாப்ள. உன் காலுக்குச் சரியாத் தேஞ்சது கெடைக்கத்தான் நாயா அலைஞ்சேன்."

ஒர்க்‌ஷாப் முழுக்க டீசல் நாற்றம். முட்டியிலிருந்து ரத்தம் காலுறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்த நீலத்துக்கும் அப்படி ஒண்ணு போட்டுக் குடுங்க மச்சான். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "அந்தக் கம்பெனி வண்டி எனக்குப் பழக்கமில்லை. வாங்குன கடையில கேளு" என்று சொல்லிவிட்டு மறுபடி லோடருக்கு அடியில் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் குள்ளனிடம் சாவியைக் கொடுத்தேன். அவன் பூட்டில் விட்டுத் திருகிப் பார்த்தான். அசையவில்லை.

"இதுல ஏதாவது நெளிவு சுளிவு இருக்காண்ணே?"

சாவியை ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, கதவைத் தோளால் முட்டிக்கொண்டு திருப்ப வேண்டும்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கிரஷர் பக்கம் நடந்தேன்.