கூரையில் உருகாத பனி

எல்லோரும் வீட்டைப் பார்த்து வீடு வாங்குவார்கள். என் கணவன் கர்ட் கூரையைப் பார்த்து வாங்கினான்.

அவனை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? வரி கட்டாமல் பறிபோகிற வீடுகள் எங்கள் ஊரில் ஷெரிஃப் ஏலத்துக்கு வரும். உள்ளே போய்ப் பார்க்க விடமாட்டார்கள். தெருவில் காரை நிறுத்தி எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நெடுஞ்சாலை ஓட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அங்கே டோனட் கொடுத்துவிட்டு மூளையை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"டயர் மாத்தியே எவனும் பணக்காரன் ஆனதில்ல டானா. நீ காலம் பூரா அந்தக் கடையில பன்றி இறைச்சி சீவிக்கிட்டே இருக்கப் போறியா? ஒரே ஒரு வீடு. அந்த வாடகை அடுத்த வீட்ட வாங்கித் தரும்."

இருவரும் பிறந்ததிலிருந்து அடுத்தவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனோம். எல்லாக் கூரைகளிலும் பனி திட்டுத் திட்டாக உருகி, ஓரத்தில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வீட்டின் கூரையில் மட்டும் பனி முழுசாக, மெத்தை விரித்த மாதிரி கிடந்தது. முன்னறை ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"பாத்தியா?" கர்ட் ஸ்டியரிங்கைத் தட்டினான். "உள்ள ஆள் இருக்கான், சூடு போட்டிருக்கான். ஆனா ஒரு பொட்டு சூடு மேல வரல. பரண்ல பஞ்சு அப்படி அடைச்சிருக்காங்க. வீடும் நல்ல வீடு, வாடகைக்கு ஆளும் ரெடி!"

ஏரிக்கரைக் குளிரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பனி உருகாத கூரை என்றால் வீடு கெட்டி. நானும் தலையாட்டினேன். சேமிப்பையெல்லாம் துடைத்து ஏலத்தில் போட்டான். வீடு எங்களுடையதானது.

பத்திரம் கைக்கு வந்ததும் போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் ஒரு கிழவர். பெயர் எமில் ஹோர்வத். வீட்டுக்குள்ளேயே கோட்டு, தொப்பி, கையுறை. அவர் பேசியபோது வாயிலிருந்து புகை வந்தது.

"வாங்க, வாங்க! காஸ் கம்பெனிதானே? என்னை மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

அந்த வீட்டில் சூடே இல்லை. கட்டணம் கட்டாததால் வீட்டைச் சூடாக்கும் காஸைக் குளிர்காலத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மின்சார ஹீட்டர், அவ்வளவுதான். கூரையில் பனி ஏன் உருகவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மனிதர் எங்களை உட்கார வைத்து, பக்கத்து வீட்டுக் கேன் தண்ணீரில் காபி போட்டார். "குழாயில வரல. உறைஞ்சு கிடக்கு." தேவாலயத்தில் கொடுத்த கசகசா ரோலை வெட்டித் தட்டில் வைத்தார்.

"வரி பாக்கின்னு கதவுல ஏதோ ஒட்டிட்டுப் போனாங்க, தம்பி. நான் போய்ப் பேசிட்டேன். ஏப்ரல்ல கட்டிடறேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

கர்ட் வாயைத் திறந்தான். ரோலைக் கடித்துக்கொண்டான்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "ஏன் சொல்லல?"

"கசகசா ரோல வாயில வெச்சுக்கிட்டு எப்படிடி சொல்றது?"

"முழுங்கிட்டுச் சொல்லு. அவரு நம்மள காஸ் கம்பெனி ஆளுங்கன்னும், அது இன்னும் தன் வீடுன்னும் நெனச்சிட்டிருக்காரு கர்ட். திரும்பிப் போய்ச் சொல்லு. தெரிஞ்சாத்தான அவரு வேற இடம் பாப்பாரு?"

"முதல்ல காஸ் போட்டுக் குடுப்போம். இந்தக் குளிர்ல மனுஷன் செத்துப் போவான். கொஞ்சம் சூடு ஏறட்டும், பக்குவமா சொல்றேன்."

"பயத்துக்கு இரக்கம்னு பேரு வெச்சுக்காத."

மறுநாளே அவன் தன் பெயரில் காஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுத்தான். கெட்டவன் இல்லை அவன். ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மட்டும் வராது.

அந்த வாரமே காஸ்காரன் வந்து பற்றவைத்துவிட்டுப் போனான். சாயங்காலம், அன்று கிளம்பும்போது கர்ட் கொடுத்திருந்த நம்பருக்கு எமில் போன் செய்தார். "தம்பி, வெறும் சட்டையோட உட்கார்ந்திருக்கேன்! நீ நல்லா இருக்கணும்!" போனை வைத்த கர்ட்டின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நாளைக்குச் சொல்லிடறேன்" என்றான்.

மறுநாள் காலை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்டது. குழாய் உறைந்தால் வெடிக்கும், உள்ளே இருக்கும் பனிக்கட்டிதான் வெடிப்பை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் மாடி வாடகைக்காரர்களான எங்களுக்கு எங்கே தெரியும்? சூடு ஏறியது, அடைப்பு உருகியது. மாடிக் குழாய்கள் அத்தனையும் பிளந்து கொட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு அறை உட்கூரையின் பூச்சு மேசை மேல் விழுந்து கிடந்தது. விளக்கு வழியாகத் தண்ணீர் ஊற்றியது.

எமில் நனைந்த காலுறையோடு வாளி ஏந்தி நின்றார். "வந்துட்டியா தம்பி! அந்தச் சூப் பானைய எடு! பானைய எடு!"

எடுத்தான். நானும் கைக்குக் கிடைத்ததை எடுத்து ஏந்தினேன். அதற்குள் முன்னறை உட்கூரை வளைந்து, பொத்தென்று மொத்தமாக இறங்கியது. கர்ட் பானையைத் தரையில் வீசினான்.

"என் வீடு போச்சே! இருந்த காசு பூரா இதுல போட்டேனே! என் வீடு!"

எமில் திரும்பினார். "யாரு வீடு?"

கர்ட் என்னைப் பார்த்தான். அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்ல மாட்டான் என்று தெரிந்துபோனது. கடைசியில் நான்தான் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"ஏலத்துல நாங்க எடுத்துட்டோம், மிஸ்டர் ஹோர்வத். போன மாசமே."

"அன்னைக்கு உட்கார்ந்து காபி குடிச்சீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்தான்."

அவர் வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகு எதையும் ஏந்தவில்லை. நாற்காலி மேல் விழுந்திருந்த பூச்சைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"தண்ணிய நிறுத்துற வால்வு கீழ நிலவறையில இருக்கு. துருப்பிடிச்சுப் போச்சு. காலையிலேர்ந்து முக்கிப் பார்த்தேன், என்னால திருப்ப முடியல. உன் வீடுன்னா நீயே போய்த் திருப்பிக்க."

கர்ட் ஓடினான். நிலவறைக்குப் போகிற கதவு எது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் துணி அலமாரியைத் திறந்தான். பிறகு கழிவறையை. "எந்தக் கதவு?" என்று கத்தினான். எமில் மேலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழி சொல்லவில்லை.