இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவு

கசகஸ்தானின் கரகண்டா நகரில் வீடியோ கேம் விற்பவர்களில் என்னைவிட அதிகம் முன்பதிவு பிடித்தவர் எவரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, வெட்கத்தோடுதான் சொல்கிறேன். போன வருடம் அந்தக் குதிரை விளையாட்டை, வெளிவருவதற்கு மூன்று மாதம் முன்பே, ஊரில் பாதிப்பேர் தலையில் கட்டியவள் இந்த ரௌஷன்தான்.

வெளியான அன்று குதிரைகள் வயிறுவரை மண்ணுக்குள் புதைந்தபடி ஓடின. கசாக்குகளிடம் இப்படியொரு குதிரையைக் காட்டினால் சும்மா விடுவார்களா? கடையை இரண்டாக்கிவிட்டார்கள். உறையைப் பிரித்தால் திருப்பி எடுப்பதில்லை என்ற அறிவிப்பைக் காட்டிக்கொண்டு நான் மரம்போல நின்றேன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒராஸ்பெக் அண்ணன் மட்டும் கத்தவில்லை. “உன்ன நம்பித்தான் வாங்குனேன், தங்கச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது அதே நிறுவனம் இரண்டாம் பாகம் விடுகிறது. “இந்த வாரம் முன்பதிவு பிடிக்காதவங்களுக்கு அடுத்த வாரம் இங்க வேலை இல்ல” என்று முதலாளி தல்கத் திங்களன்றே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஆகியும் நான் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை; மறுபடி யார் தலையிலும் கட்ட வாய் வரவில்லை. கணவர் முதுகில் அடிபட்டுப் படுத்திருக்கிறார், வீடு என் சம்பளத்தில் ஓடுகிறது. பயம் இல்லாமலா இருக்கும்?

அன்று மதியம் நான் கூப்பிடாமலேயே முன்பதிவுக்கு வரிசை கட்டிவிட்டார்கள். வரிசையின் முன்னால் ஒராஸ்பெக் அண்ணன் மறுபடி வந்து நின்றார்.

“தங்கச்சி, ரெண்டாம் பாகத்துக்கு எம் பேரையும் எழுதிக்கோ. மக நச்சரிக்கிறா. முன்னாடியே வாங்கினா விளையாட்டுல வர்ற குதிரைக்குத் தங்கச் சேணம் இலவசமாமே?”

தல்கத் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “சீக்கிரம் எழுதுங்கண்ணே. அப்புறம் தீந்துபோச்சுன்னா என்னைக் கேக்காதீங்க.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “தீந்துபோக இது என்ன அடுப்புல சுட்ட சம்சாவா? பெட்டிக்குள்ள இருக்கறது இன்டர்நெட்ல இறக்கிக்கறதுக்கு ஒரு நம்பர். கோடிப் பேரு வாங்கினாலும் தீராது.”

தல்கத்தின் முகம் சிவந்தது. ஆனாலும் கைதேர்ந்த வியாபாரி, சிரித்துக்கொண்டே வரிசையைப் பார்த்துப் பேசினார். “ஏங்க, ஒருத்தன் ‘சுயின்ஷி’ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தா என்ன பண்றோம்? நல்ல சேதி என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே, ‘வேணுங்கறத எடுத்துக்கோ’ன்னு பரிசு சொல்லிடறோமில்ல? இதுவும் அதேதான்.”

வரிசையில் நாலைந்து தலைகள் ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சுயின்ஷி கேக்கறவன் பிள்ளை பொறந்தப்புறம்தான் ஓடி வருவான். மூணு மாசக் கர்ப்பத்துக்கு எவனாவது வந்து கைய நீட்டுவானா? பொறக்காத பிள்ளைக்கு நம்ம வீடுகள்ல ஒரு சட்டைகூட வாங்க மாட்டோம். இவங்க கம்பெனில இன்னும் வலியே எடுக்கல, அதுக்குள்ள பரிசு கேக்கறாங்க!”

வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒராஸ்பெக் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ சேணம்?” என்றார்.

“நிக்கத் தெரியாத குதிரைக்குத் தங்கச் சேணம் எதுக்குண்ணே? வெளிவரட்டும். நாலு நாள் பொறுங்க. வாங்கினவங்க திட்டறாங்களா, கொண்டாடறாங்களான்னு பாருங்க. நல்லா இருந்தா வாங்குங்க, வெலை ஏறிடாது. கொஞ்ச மாசம் போனா எறங்கவும் செய்யும். போன தடவ இத நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும்.”

அவர் எடுத்த பணத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

“ரௌஷன்,” என்றார் தல்கத், “திங்கக்கிழமை வராத.”

வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு கணம் கண்ணைக் கட்டியது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

“சரி, வரல. ஆனா இன்னிக்கு ஏழு மணிவரைக்கும் இந்த மேசை என்னுது” என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அவரால் என்னைப் பிடித்து வெளியே தள்ள முடியவில்லை.

மணி அப்போது மூன்று. வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

“முன்பதிவுக்கு வந்தவங்கல்லாம் கொஞ்சம் கிட்ட வாங்க,” என்றேன், “சத்தமாவே சொல்றேன்.”