வீணாய்ப் போன முதல் படம்

கமராவைக் குலுக்கிப் பார்த்து வாங்கக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் எழுதியிருக்கிறதா? இல்லை. ஆனால் கட்டுகஸ்தோட்டை கமராக் கடை லாபிர் நானாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக நான் காதருகே வைத்து ஆட்ட ஆட்ட, அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ரபீகா, அது என்ன தேங்காயா?"

"உள்ளுக்கு ஏதும் கழண்டு ஈக்குமோ எண்டு பாக்குறேன். நீங்க பேசாம இரிங்க நானா."

எனக்கு வேறு வழியில்லை. வருகிற ஞாயிறு அக்குறணையில், எங்கள் வீட்டில், மகள் ஹிதாயாவுக்குக் கல்யாணம். அவளுடைய வாப்பா சவூதியில், தம்மாமில் லொறி ஓட்டுகிறார். நாலு வருடமாக ஊருக்கு வரவில்லை. கெஞ்சிக் கேட்டும் முதலாளி லீவு தரவில்லை. பெற்ற மகளை மணப்பெண்ணாகப் பார்க்க அந்த மனிசனுக்கு இருக்கும் ஒரே வழி படம்தான். பெண்கள் கூடும் அறைக்குள் ஆண் படக்காரர் வருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எடுப்பது நான்தான். போன வருடம் சாச்சி மகளின் கல்யாணத்துக்கு இரவல் கமராவை நம்பினோம். பிளாஷ் எரியவில்லை. முப்பத்தாறு படமும் கறுப்பு! சாச்சி இன்னும் அதைச் சொல்லி அழுகிறாள்.

முதல் கமராவில் பற்றரி மூடியின் பல் நகம்போல மெல்லிசு. இரண்டு தரம் திறந்தால் கையோடு வந்துவிடும். தள்ளி வைத்தேன். இரண்டாவதில் பிளாஷ் ஒருமுறை அடித்தபின் சின்ன விளக்கு மறுபடி எரிய இருபத்தெட்டு வரை எண்ணினேன். அதற்குள் மணப்பெண் எழுந்து மாப்பிள்ளை வீட்டுக்கே போய்விடுவாள். மூன்றாவது கொஞ்சம் பாரம். பின்கதவைப் பத்துத் தரம் திறந்து மூடினேன், ஒவ்வொரு தரமும் 'டக்' என்று இறுகியது. பிளாஷும் ஏழு எண்ணுவதற்குள் தயாரானது.

"இப்ப திருப்திதானே?" என்றார்.

"பிலிம் இல்லாம எல்லாக் கமராவும் நல்லாத்தான் வேல செய்யும். பிலிமப் போடுங்க. லைட்ட அணைங்க. பத்தடி தள்ளி நிண்டு அடிச்சிக் காட்டுங்க."

பிலிம் சுருளைப் போட்டு லைட்டையும் அணைத்தார். வெளியே மழை கட்டியிருந்ததால் கடை நன்றாகவே இருண்டது. "கீழ விழுந்தா தாங்குமா? எழுதித் தருவீங்களா?" என்று நான் விரலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தபோதே பளீரென்று அடித்துவிட்டார்.

"அட பாவமே! ஒரு படம் வீணாப் போச்சே! சுவரக் காட்டி எடுக்க ஏலாதா?"

அதற்கு இன்னும் பத்து நிமிடம் ஏசிவிட்டுத்தான் கமராவோடு பஸ் ஏறினேன்.

கல்யாணத்தன்று அந்தக் கமராவை யாரையும் தொடவிடவில்லை. மருதாணிக் கை, தலைப்பூ, மகள் சிரித்தது, மகள் அழுதது, முப்பத்தைந்தும் பளிச்சென்று வந்தன. அல்ஹம்துலில்லாஹ்! முதல் படத்தில் மட்டும் நான். திறந்த வாய், நீட்டிய விரல், ஒரு பக்கம் சரிந்த முக்காடு. பேய் மாதிரி இருந்தேன். அதை மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டு மற்றதையெல்லாம் தம்மாமுக்கு அனுப்ப உறையிலிட்டு, வாயை ஒட்டித் தபாலில் போடும்படி ஹிதாயாவிடம் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் அவருடைய கடிதம் வந்தது.

"புள்ளய ஆசதீரப் பாத்தேன். ராணி மாதிரி ஈக்கிறா. ஆனா முப்பத்தஞ்சு படத்திலயும் உங்களத் தேடினேன், ஒண்டுலயும் இல்ல. கடைசியா மகள் பின்னால கதைய எழுதி ஒளிச்சி வெச்ச அந்தக் கடைப் படம் உறைக்குள்ள இருந்து விழுந்திச்சி. மத்ததெல்லாம் அல்பத்தில. அத மட்டும் அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். காலையில வேலைக்குப் போகக்குள்ள கதவத் தொறந்து ஒருக்கா ஏச்சு வாங்கிட்டுத்தான் போறேன். நாலு வருசமா கேக்காத ஏச்சு."

படித்துவிட்டுக் குசினிக்குள் போய் நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பேனையை எடுத்து, அந்த மனிசனுக்கு நாலு பக்கம் ஏசி எழுதினேன்.