றெக்கைக்கு ஒரு ஆள்

விடியற்காலை ஐந்து மணிக்கு விமானக் கொட்டகையின் தரை சில்லிட்டுக் கிடந்தது. விமானியின் இருக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாய்ச் செருகிக்கொண்டிருந்தாள், ஒயர் வேலை பார்ப்பதால் எல்லோருக்கும் ஒயரக்காவாகிவிட்டவள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. எரிய வேண்டும், எரியவில்லை. மூன்று நாளாக அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால் அவள் கைபட்டு வெளியே போன விமானம் அது. மேலே ஏறியதும் விமானி, விமானத்தைத் திருப்பும் பிடியை வலப்பக்கம் சாய்த்தார். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. துணை விமானியின் பிடி ஒழுங்காக இருந்ததால் அவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கி, எப்படியோ இறக்கினார். உள்ளே நூற்று இருபது உயிர். இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. மாற்றிச் செருகியது ஒயரக்காதான். அதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆனால் மனுஷக் கை தவறும் என்றுதானே அங்கே ஒரு வழக்கம் இருந்தது? ஒருவர் உள்ளே பிடியைச் சாய்க்க, றெக்கைக்கு ஒருவராய்க் கீழே நின்று, றெக்கையின் பின்னோரத்தில் அசையும் தகடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று குரல் கொடுப்பார்கள். போன மாதம் அந்த இருவரையும் மேனேஜர் சக்கர வேலைக்குத் தள்ளிவிட்டார். நேரம் மிச்சமாம். திரையில் பச்சை விளக்கு எரிந்தால் போதுமாம். தகடு அசைந்தால் விளக்கு எரியும்; எந்தப் பக்கம் அசைந்தால் அதற்கென்ன?

ஏழு மணிக்கு மேனேஜர் ஒரு தாளோடு வந்தார்.

"கையெழுத்துப் போடும்மா. உன் ஒருத்தியோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. விஷயம் முடிஞ்சிடும்."

"என் லைசென்சும் முடிஞ்சிடும் சார்."

"தப்பு உன்னோடதா இல்லையா?"

"என்னோடதுதான்."

பேனாவை வாங்கினாள். வீட்டில் அடுப்பு எரிவது அவள் ஒருத்தி சம்பளத்தில். அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. போட்டுத் தொலைத்துவிட்டுப் படுத்தால் தேவலை என்றிருந்தது.

முன்பு வலது றெக்கைக்கு நின்ற நெட்டையன், சக்கரத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"இரு அக்கா. சார், 'ஒருத்தி'ன்னு எப்படி எழுதுனீங்க? அன்னிக்கு நான் றெக்கைகிட்ட நின்னிருந்தா சொல்லியிருப்பேன். நிக்க வேணாம்னது யாரு?"

"உன் வேலையைப் பாரு."

"அதைத்தான் கேக்கறேன் சார். என் வேலை அதுதானே?"

இடது றெக்கைக்கார அண்ணன் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளைத் திருப்பிப் போட்டு, 'றெக்கைக்கு ஆள் நிறுத்தாமல் இனி எந்த விமானத்தையும் வெளியே விட மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து நெட்டையன். பெயிண்ட் அடிப்பவர்கள், சக்கரம் மாற்றுபவர்கள் என்று பதினேழு பேர். கடைசியாக ஒயரக்கா எழுதினாள்: 'கம்பியை மாற்றிச் செருகியது நான்.' அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

"மேல கொண்டுபோனா எல்லாருக்கும் சீட்டு கிழியும்" என்றார் மேனேஜர்.

"கொண்டுபோங்க சார்" என்றார் அண்ணன்.

மேனேஜர் தாளை மடித்துக்கொண்டு போனார். மேலே என்ன சொல்வார்களோ, யார் கண்டது. ஒயரக்கா ஏறி விமானியின் இருக்கையில் உட்கார்ந்து, பிடியை வலப்பக்கம் சாய்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை; காத்திருந்தாள்.

"வலது மேல" என்று நெட்டையன் குரல் வந்தது.

"இடது கீழ" என்றார் அண்ணன்.

அப்போதுதான் அவள் விரல்கள் எரிய ஆரம்பித்தன.