எண் இல்லாத அட்டை

என் மனைவி நோரீன் உணவு அட்டையை வலப்பக்கத்திலிருந்துதான் படிப்பாள். முதலில் கலோரி எண், பிறகுதான் உணவின் பெயர். பெரிய உணவகங்கள் எல்லாம் எண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான். கல்யாணமான புதிதிலிருந்தே செவ்வாய்தோறும் தேவாலயக் கூடத்தில் நடக்கும் எடைக் குறைப்புச் சங்கத்துக்குப் போய்வருபவள். அங்கே அரைக் கிலோ இறங்கினாலும் எல்லாரும் கைதட்டுவார்கள்.

புற்றுநோய் வந்த பிறகு எடை தானாக இறங்கியது. நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்த வேண்டிவரும், உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மருத்துவமனையிலிருந்து நேரே, மதுவோடு சாப்பாடும் போடும் எங்கள் வழக்கமான பப்புக்குக் கூட்டிப்போனேன்.

"பெருசா இருக்கறதைச் சொல்லு, டெரிக்" என்றாள்.

"மீனும் சிப்ஸும். ஆயிரத்து முன்னூத்தி நாப்பது."

"யோவ், அது எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு."

பரிமாறும் பெவ் எங்களுக்குப் பழக்கம். குனிந்து, "எண் இல்லாத அட்டையும் இருக்கு கண்ணு. கேட்டாத் தருவோம்" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தாள். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. நோரீன் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினாள்.

"எண்ணூத்தி அறுபது. தொள்ளாயிரத்துப் பத்து. இது இருநூத்திப் பத்து."

"பாக்காமயே சொல்றியே, நீ இங்க வேலைக்கே வந்துடலாம்" என்றாள் பெவ்.

மூவரும் சிரித்தோம். நோரீன் இருநூற்றுப் பத்தைக் கேட்டாள். காளான் சூப்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் எடை பார்க்கும் முறை வந்தது. "அப்படியே ஏறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் திரும்புவதற்குள் நோரீன் காலணியைக் கழற்றிவிட்டாள். பிறகு கம்பளிச் சட்டை, கைக்கடிகாரம், தோடு. சங்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். எப்போதும்போல ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினாள். நானும் எப்போதும்போல வாங்கிக்கொண்டேன். ஏறி நின்று மூச்சை வெளியே விட்டாள்.

நாற்பத்து நாலே முக்கால்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கூடத்து வாசலில் காத்திருக்கும்போது நான் பார்க்கும் அதே முகம். அது மறைய ஒரு நொடிகூட ஆகவில்லை.

அந்தக் கால் கிலோவுக்கு மேலாகவே என் கைகளில் இருந்தது.

"இதெல்லாம் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை ஏறட்டும்" என்றேன்.

"சரி, ஏறட்டும். நான் தப்பா நினைக்கமாட்டேன்" என்றாள் நர்ஸ்.

"வேண்டாம்" என்றாள் நோரீன். "நான் தராசை ஒருநாளும் ஏமாத்தினதில்ல."

"இது சங்கம் இல்லடி."

"தெரியும்யா. ஆனா காலணிக்கும் சேத்தா மருந்து குடுப்பாங்க?"

நர்ஸ் நாற்பத்து நாலே முக்கால் என்று எழுதிக்கொண்டாள். மருந்தைத் தள்ளிவைத்தார்கள். எடை ஏறினால் மறுபடி தொடங்கலாம் என்றார்கள்.

மறுபடியும் அதே பப், அதே மேசை. பெவ் கேட்காமலேயே எண் இல்லாத அட்டையை வைத்தாள். நோரீன் அதைப் பிரிக்கவில்லை.

"மீனும் சிப்ஸும் கொண்டா. பெரிய தட்டுல."

சாப்பிட்டாள். வேலை செய்வதுபோல, தலை நிமிராமல், தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். நான் என் தட்டைத் தொடவே இல்லை. தட்டில் பாதி காலியானபோது கை நின்றது.

"இதுவரைக்கும் எவ்வளவு இருக்கும்?"

"முன்னூறு இருக்கும்" என்றேன்.

"அறுநூத்தி எழுபது" என்றாள், என்னைத் தேற்றுவதுபோல. முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் ஓசைப்படாமல் வைத்தாள். "என்னால முடியலய்யா. பசி இருக்கு. ஆனா முடியல."

மருந்தை அவர்கள் மறுபடி தொடங்கவில்லை.