சேவலுக்குப் பயந்த சிம்மம்

கீழப்பாவூர் பலவேசத்துக்குச் சிம்ம ராசி. இதை யாரும் ஜாதகத்தை விரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து அவர் மோர் கேட்டால், நாலாவது வீட்டுக்காரி செம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். வயலில் நின்று தும்மினார் என்றால் அங்கே மேய்கிற கொக்கு மொத்தமும் குளத்துக்கு இடம் மாறும். ஊரில் நரசிம்மர் கோயில் வேறு இருக்கிறதா, சாமியும் தானும் ஏதோ ஒருவகையில் பங்காளிகள் என்றொரு நினைப்பு மனுஷனுக்கு உள்ளூர உண்டு. அந்த நினைப்பில்தான் ஒரு பிரதோஷத்தன்று சன்னதியில் நின்று, "என் மகளுக்கு வாற மாப்பிள்ளையும் சிம்ம ராசியாத்தான் இருக்கணும். வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தார்.

சத்தியம் பண்ணியது அவர். மாட்டிக்கொண்டது மகள் வடிவம்மாள்.

மூன்று வருஷமாக மேலகரத்து ஜோசியர் தாணு ஜாதகம் ஜாதகமாகக் கொண்டுவந்து போட்டார். பலவேசம் ராசியை மட்டும் கேட்பார். மற்றப் பொருத்தமெல்லாம் அவருக்குத் தூசு. ரிஷபமா, மாடு, தின்னுட்டுப் படுத்துக்கிடும். மிதுனமா, ரெட்டை ஆளு, காலைல ஒண்ணு சொல்லுவான் சாயந்தரம் ஒண்ணு சொல்லுவான். விருச்சிகக்காரன் ஒருவன் நூறு கோட்டை விதைப்பாட்டு நிலத்தோடு வந்தான். "தேளுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் வைத்தியனைத் தேடி அலையவா?" என்று அனுப்பிவிட்டார். மீன ராசிக்காரன் கைக்கு நிற்க மாட்டான். தனுசு அம்பை விட்டுவிட்டு ஆள் மாயமாகிவிடுவான். கும்ப ராசிப் பையன் ஒருவனைப் பெண்ணின் அம்மா குருவம்மாளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "குடத்துக்கு எப்படிட்டி மாலை போட முடியும்?" என்று கேட்டு அவள் வாயையும் அடைத்துவிட்டார்.

வடிவம்மாளுக்கு இருபது முடிந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம். இருபது வயசுப் பெண் வீட்டில் இருந்தால் ஊரே விரல் விட்டு எண்ணும். அந்த நேரம் பார்த்து ஆலங்குளத்திலிருந்து ஒரு நிஜ சிங்கம் வந்து சேர்ந்தது. போலீசில் ஏட்டு. வயசு முப்பத்தெட்டு. முதல் தாரம் தவறிப்போய் இரண்டு பிள்ளைகள். சாப்பிடும்போதுகூட ஒரு கை மீசையிலேயே இருந்தது. பலவேசமும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து குசலம் விசாரித்ததில் தொழுவத்துப் பசு அன்றைக்குப் பால் தரவில்லை. ஒரு சிங்கத்திடமிருந்து தப்பி இன்னொரு சிங்கத்திடம் போவதா என்று வடிவம்மாள் கலங்கினாள்.

கலக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. அவள் மனசில் ஏற்கெனவே ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்த இடம் வைக்கோல் படப்பு.

மாசி மாதம் அது. தென்காசியில் ரயிலடிக்குப் பக்கத்தில் காப்பி கிளப் வைத்திருக்கிற நயினார் என்பவன் உளுந்து வாங்க வந்தான். அப்பா வயலுக்குப் போயிருந்தார். வந்தவன் குரல் கொடுப்பதற்குள் இவர்கள் வீட்டுச் சேவல் கழுத்து ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு பாய, ஆள் ஒரே தாவலில் படப்பின் உச்சிக்குப் போய்விட்டான். போனவன் சும்மா இருக்கவில்லை. கீழே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "உங்கூட எனக்கு ஒரு தகராறும் இல்லப்பா. உளுந்து வாங்கிட்டு நான் பாட்டுக்குப் போயிருதேன்" என்று சமாதானம் பேசினான். தொழுவத்து மறைவில் நின்ற வடிவம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று நாள் சிரித்தாள். நாலாம் நாள் சிரிப்பு நின்று வேறு என்னமோ ஆரம்பித்துவிட்டது. சேவலிடம்கூட மரியாதையாகப் பேசுகிற ஒருத்தன் பெண்டாட்டியிடம் எப்படிப் பேசுவான் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் குழம்பில் உப்பு கூடியது.

வைகாசியில் தாணு கொண்டுவந்த ஜாதகங்களில் ஒன்று அந்த நயினாருடையது. மகம் நட்சத்திரம், சிம்ம ராசி என்று ஜோசியர் வாசித்தபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்த வடிவம்மாள் கையிலிருந்து சுளகு நழுவியது. படப்பின் மேல் கும்பிட்டுக்கொண்டு நின்றது சிங்கமா? ஏதோ ஒரு இடத்தில் தப்பு நடந்திருக்கிறது என்பது அவளுக்குப் பளிச்சென்று பட்டது. பட்டதை அப்படியே விழுங்கிவிட்டாள். நல்ல பெண்.

ஆலங்குளத்து ஏட்டு, ஆடி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். இந்தச் சிங்கத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு ஏட்டுக்குப் பதில் சொல்லலாம் என்று பலவேசம் நினைத்தார். ஆகவே ஆனி இருபத்தெட்டாம் தேதி, குற்றாலத்தில் சாரல் பூத்தூவலாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், இரண்டு குடும்பமும் அருவிக்கரையில் சந்திப்பது என்று பேச்சாயிற்று. பார்த்துப் பிடித்துவிட்டால் அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம். நாள் குறிக்கத் தாணுவும் பஞ்சாங்கப் பையோடு வந்துவிட்டார்.

ஆரம்பமே கண்டமாகத்தான் இருந்தது. வண்டியை விட்டு இறங்கிய நயினார் கையில் மரியாதைக்கு ஒரு சீப்புப் பழம். மண்டபத்து மேலிருந்து ஒரு கடுவன் குரங்கு இறங்கி வந்து அவன் முன்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டிற்று. நயினார் சீப்பைப் பக்குவமாக அதன் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். பலவேசத்தின் புருவம் ஏறியது.

"என்னவே, சிம்ம ராசிக்காரன் குரங்குக்குக் கப்பம் கட்டுதான்?"

வடிவம்மாள் அம்மா காதில் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சிங்கம் குரங்கோடயா மல்லுக்கு நிக்கும்? அதுக்கும் ஒரு தரம் வேணும்லா."

பலவேசம் யோசித்தார். அது ராஜ லட்சணம்தான் என்று பட்டது. ஏறின புருவம் இறங்கியது. நயினார் திரும்பி ஒரு தரம் அவளைப் பார்த்தான். அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனார்கள். நயினாரின் அம்மா மூக்கம்மாள் புளிச்சோற்றுப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தாள். அந்த அம்மாளுக்கு வாய் திறந்தால் மூடத் தெரியாது; மனசில் கள்ளமும் கிடையாது. மகன் பிறந்த கதையை ஆரம்பித்தாள்.

"செவ்வாக்கிழமை சாயந்தரம் வலி எடுத்துச்சு, மதினி. ராத்திரி பூரா மழை. விடியுததுக்கு ரெண்டு நாழிகை இருக்கையில பெறந்தான். பெறந்த நிமிசம் சன்னலோரம் சேவல் கூவுச்சு பாருங்க, பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இன்னைக்கு வரைக்கும் சேவலக் கண்டா…" என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தாணு வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "செவ்வாக்கிழமை ராத்திரியா? நல்லாத் தெரியுமா ஆச்சி?"

"பெத்தவளுக்குத் தெரியாதாய்யா? விடிஞ்சாத்தான் புதன். அப்பந்தானே எங்க வீட்டுக்காரங்க கிராம முன்சீப்புகிட்டப் போயிப் பெறப்பப் பதிஞ்சாக."

அந்த நேரம் பழம் தின்ற குரங்கு புளிச்சோற்றையும் பதம் பார்க்க வந்தது. மூக்கம்மாளும் குருவம்மாளும் ஆளுக்கொரு செருப்பை எடுத்துக்கொண்டு அதைத் துரத்திப் போனார்கள். தாணு விரல் கணுக்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மாமா?" என்றாள் வடிவம்மாள்.

"மோசம் போயிட்டேன் தாயி. இந்தப் பையனுக்கு மூணு வயசுல அவன் அப்பன் என்கிட்ட வந்தாரு. முன்சீப்பு பதிவுலருந்து எழுதிக் கொண்டாந்த சீட்டைத்தான் குடுத்தாரு. புதன், விடியக்காலம்னு இருந்துச்சு. வெள்ளைக்காரன் கணக்குல நடுச்சாமம் தாண்டினா மறுநாள். நமக்குச் சூரியன் வந்தாத்தான மறுநாள்? நான் அதை நம்ம புதன்கிழமைன்னு எடுத்துக்கிட்டு, புதன் ராத்திரி கழிஞ்சு வாற விடியக்காலத்துக்குக் கட்டம் போட்டுட்டேன். ஒரு முழு நாள் தள்ளிப்போச்சு. சந்திரன் அன்னைக்கு மகத்துல இல்ல, ஆயில்யத்துல. பையனுக்கு ராசி சிம்மமே கிடையாது. கடகம்."

"கடகம்னா?"

"நண்டு."

வடிவம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தன. அதானே பார்த்தேன் என்று ஒரு மனசு குதித்தது. ஆலங்குளத்து மீசை கண்முன்னே வந்து இன்னொரு மனசு நடுங்கியது.

"மாமா, வெத்தல மாத்துத வரைக்கும் வாயைத் திறக்காதீய. உங்க காலைப் பிடிச்சுக்கிடுதேன்."

"பொய்ச் சாதகத்தை வெச்சு நாள் குறிச்சா என் நாக்கு அழுகிப்போவும். அண்ணாச்சி குளிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் பேச மாட்டேன், அவ்வளவுதான் என்னால முடியும்."

பலவேசம் அண்ணாச்சி அப்போதுதான் அருவிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, இடுப்பில் ஒரு துண்டோடு. சுவரோரம் விழுகிற மெல்லிசுத் தண்ணீர் அவருக்குக் கௌரவக் குறைச்சல். "நடுவுல வாரும் மாப்பிள்ள. சிங்கத்துக்கு இடம் அங்கனதான்" என்று அவர் போட்ட சத்தம் அருவி இரைச்சலைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. நயினார் வரவில்லை. பாறையில் அடித்திருந்த இரும்புக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தண்ணீரின் ஓரத்தில் பக்கவாட்டாக ஒண்டிக்கொண்டு நின்றான். வடிவம்மாள் பார்த்தாள். அசல் நண்டு. அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அருவிக்கு யார் சிங்கம் யார் ஆடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. மேலே எங்கேயோ மழை வலுத்திருக்க வேண்டும். திடீரென்று தண்ணீர் கனத்துவிட்டது. நடுவில் நின்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்த பலவேசத்தின் கால் பாசியில் வழுக்கியது. எண்ணெய் உடம்பு வேறு. மல்லாக்க விழுந்து, பாறை விளிம்பைப் பார்த்துச் சறுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் பிடிக்கப் போய்க் கைக்கு எண்ணெய்தான் மிஞ்சியது. துண்டு தனியாகக் கிளம்பிப் போய்விட்டது. வடிவம்மாள் "அப்பா" என்று கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

சறுக்கி வந்த கை நயினாரின் காலில் இடித்தது. பாம்போ என்னமோ என்று பயந்துதான் குனிந்தான் என்று பிற்பாடு அவனே சொன்னான். கண்ணைத் திறக்காமலே பிடித்தான். மணிக்கட்டைப் பிடித்தான். இடது கை கம்பியில், வலது கை பலவேசத்தில். நடுவில் அருவி அவன் முதுகில் அறைந்துகொண்டே இருந்தது. ஆள் அசையவில்லை. நாலைந்து பேர் கைகோத்து வந்து இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக் கரையில் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பலவேசத்தின் இடுப்பில் வேட்டியைச் சுற்றினார். நயினார் அப்போதும் பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சுண்டு விரல் கடைசிவரைக்கும் இணங்கவில்லை.

மூச்சு வந்ததும் பலவேசம் முதலில் செய்தது கர்ஜனை. "பாத்தீயளாவே? இதுதான் சிம்மம். ராசி பேசுதுவே."

தாணு தொண்டையைக் கனைத்தார். வடிவம்மாள் கண்ணால் கெஞ்சினாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. புதன்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் முன்சீப்பும் சேவலுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "பையன் கடகம், அண்ணாச்சி. தப்பு என்னுது" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

பலவேசத்துக்குச் சத்தியம் என்றால் சத்தியம்தான். பேச மாட்டேன் என்று வாயால் சொன்னதற்காக முப்பது வருஷமாகத் தம்பியோடு பேசாமல் இருக்கிறவர். அவர் தம் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் செக்கச்செவேலென்று பதிந்திருந்தன.

"ஏன்வே தாணு. சிங்கமா இருந்தா என்ன செஞ்சிருக்கும்?"

"பாய்ஞ்சிருக்கும். ரெண்டு பேரும் சேந்து போயிருப்பீய."

"நண்டு?"

"அது இருந்த இடத்தை விட்டு நகராது. பிடிச்சதையும் விடாது. பயத்துல இன்னும் இறுக்கும்."

பிறகு பலவேசம் பேசிய குரல் அவர் வீட்டாருக்கே புதுசு. அவ்வளவு சின்னக் குரல். "சாமி முன்னால சொல்லிட்டேனேவே."

குருவம்மாள் சாரலில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "சாமியா சிங்கம் வேணும்னு கேட்டுச்சு? நீங்கதான கேட்டீய. வீட்டுக்கு ஒண்ணு போதும். ரெண்டு கர்ஜிச்சா அடுப்பு எரியாது. நாளைக்கு நானே சன்னதிக்குப் போயி, எம் புருசனைத் திருப்பித் தந்தவனுக்குத்தான் எம் பொண்ணுன்னு சொல்லிட்டு வாரேன். வேண்டாம்னு சாமி சொன்னாச் சொல்லட்டும்."

பலவேசம் மனைவியைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். "வெத்தலையை எடும்வே" என்றார். ஆலங்குளத்து மீசை அந்த நிமிஷத்தோடு வடிவம்மாளின் ஆயுசிலிருந்து இறங்கிப் போய்விட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நயினார் நனைந்த தலையோடு குந்தி உட்கார்ந்து ஜோசியரையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வருஷமாக அப்பா இருந்தவரைக்கும் அப்பாவும், பிறகு ஊரும், சிங்கம் அழலாமா, சிங்கம் ஒதுங்கலாமா, சிங்கம் கரண்டி பிடிக்கலாமா என்று கேட்டுக் கேட்டு வளர்த்த பிள்ளை. அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்பம்… இனிமே நான் பயப்படலாமா, ஜோசியரே?"

பெரியவர்கள் அத்தனை பேர் இருக்கிற சபையில், வெற்றிலைத் தட்டுக்கு இந்தப் பக்கமிருந்து, வடிவம்மாள்தான் பதில் சொன்னாள்.

"தாராளமாப் பயப்படுங்க. சேவலை நான் பாத்துக்கிடுதேன்."